நாலாம் நம்பர் டயோடு

வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்தவன் நான். பெயர் பெ. ராமையா. 'கரண்டு ராமையா' என்றால்தான் தோட்டத்தில் தெரியும். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழுந்து வாட்டுகிற தொட்டிகளின் காற்றாடிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நின்று போடவும் நிறுத்தவும் பலகை செய்தேன். கொழும்பிலிருந்து வந்த ஆள் கையை விரித்துவிட்டுப் போன மின்தராசை மூன்று நாளில் ஓட வைத்தேன். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் கரண்டு வருவதற்கு முன்பே டெலிவிஷன் ஓடியது. அதன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியது ஓடையில் நான் வைத்த தண்ணீர்ச் சக்கரம். மாரியம்மன் தேருக்கு ஓடுகிற விளக்கு போட்டதும் நான்தான், அதைப் பார்க்க டயகமவிலிருந்து கூட ஆட்கள் வந்தார்கள். கடைசியாக, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிற நான், கம்ப்யூட்டரில் சர்க்கியூட் வரையப் பழகினேன். விலைக்கு வாங்கும் மென்பொருளிலும் இல்லை, திருட்டு சீடியிலும் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்று விட்டிருக்கிற மென்பொருளில். மலைநாட்டுத் தோட்டங்களில் அதை முதலில் தொட்டவன் நான்தான் என்று இன்றும் சொல்வேன். இல்லை என்கிறவர் வந்து பேசலாம்.

ஹட்டனில் உள்ள பயிற்சி நிலையத்துப் பிள்ளைகள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். அந்த மென்பொருளில் உருவான எங்கள் 'சூட்டு மணி'யின் படத்தை இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாகப் போடப் போகிறார்களாம், என் பெயரோடு. கூடவே போட என் அனுபவத்தையும் எழுதித் தரச் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பெருமையாகத் தொடங்கிவிட்டேன். மேலே போகப் போக அப்படி இருக்காது.

வேலை பழகிய கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. பதினேழு வயதில் எண்ணெய் போடுகிறவனாக உள்ளே போனேன். பழைய எலக்ட்ரீசியன் கையில் ஷாக் அடிக்கும்போதெல்லாம் என்னைத்தான் ஏசுவார். அவர் போன பிறகு அந்த ஸ்க்ரூ டிரைவர் என் சட்டைப்பைக்கு வந்தது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் தோட்டத்து ஆபீஸ் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கழித்துப் போட்டது. அதை என் வேலைக்கூடத்து மூலையில் வைத்து, ஈரம் இறங்காமல் தேயிலைப் பெட்டிக்குள் போடும் ஈயத்தாளால் மூடிவைத்தேன். டெலிவிஷன் திருத்துகிற நண்பர் ஒருவர் சர்க்கியூட் வரைகிற மென்பொருளின் திருட்டு சீடி ஒன்று கொடுத்தார். ஒரு மாதம் ராப்பகலாக வரைந்தேன். ஒருநாள் காலை அது ஒரு நம்பர் கேட்டது. எந்த நம்பரைப் போட்டாலும் திறக்கவில்லை. என் ஒரு மாத வேலை உள்ளேயே கிடந்தது, நான் வெளியே நின்றேன். மலைக் குளிருக்கு அந்தச் சீடியில் பூஞ்சணமும் பிடித்துவிட்டது.

அப்போதுதான் பயிற்சி நிலையத்தில் சனிக்கிழமை வகுப்பு எடுத்த சிவநாதன் சேரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர், மேல் பொத்தான் வரை பூட்டிய சட்டை. யாரையும் 'நீ' என்று பேசமாட்டார். என் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில், யாரும் சும்மா எடுக்கலாம் என்று விட்டிருந்த அந்த மென்பொருளில், ஒரு சர்க்கியூட் படத்தைத் திறந்தார். பிறகு அதே படத்தை, கடிதம் அடிக்கிற சாதாரண பக்கத்தில் திறந்து காட்டினார். படம் இல்லை, வரிவரியாக எழுத்து. எந்தச் சாமான் எங்கே, எந்தக் கம்பி எதிலே போகிறது எல்லாம் அதில் இருந்தது.

"இஞ்ச பாருங்கோ ராமையா. பூட்டு இல்லை. நாளைக்கு இந்த மென்பொருள் இல்லாமப் போனாலும் உங்கட வேலையை நீங்கள் வாசிக்கலாம். ஒண்டையும் இதுக்குள்ள ஒளிக்க ஏலாது."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே நான் அதைப் பிடித்துக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அவர் வைத்த நிபந்தனை இரண்டே இரண்டு. செய்கிற படத்தின் பிரதி ஒன்றை வகுப்புக்குக் கொடுக்க வேண்டும். அடுத்தது, படத்தின் வலப்பக்கக் கீழ்மூலையில் இருக்கும் பெட்டி. "அந்தப் பெட்டி சும்மா அழகுக்கு இல்லை. ஆர் வரைஞ்சது, ஆர் மாத்தினது, எத்தனையாம் திருத்தம் எல்லாம் அதில வரோணும். சும்மா கிடைச்சதுக்கு நாங்கள் குடுக்கிற விலை அதுதான்."

அதே வகுப்பில் முன்வரிசையில் எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கலைச்செல்வி. இருபத்திரண்டு வயது. ஏ.எல். உயர்தரப் பரீட்சை எழுதி ஒரு பாடத்தில் தவறி, கொழுந்து எடுக்கப் பெயர் பதிந்தவள். ஆங்கிலத்தை அவள் வாசித்துத் தமிழில் சொல்வாள். கம்பி எங்கே போக வேண்டும் என்பதை நான் சொல்வேன். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் பேசி, வாரத்தில் இரண்டு நாள் அவளை மலையிலிருந்து இறக்கி வேலைக்கூடத்துக்கு எடுத்ததும் நான்தான். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் பெயர் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளை, "கரண்டு வேலைக்குக் கலைச்செல்வி" என்பார். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள்.

"ஏன்டி, கரண்டுல கொழுந்து முளைக்குதா?"

"முளைக்குது. கிள்ளிப் பாரு, கை கறுத்துப் போகும்," என்பாள்.

சூட்டு மணி என்பது இதுதான். தேயிலையை உலர்த்துகிற இயந்திரத்துக்குள் அடுப்பிலிருந்து சூடான காற்று வரும். இருநூறு பாரன்ஹைட்டைத் தாண்டிப் போனால் தூள் கருகும், இன்னும் போனால் தீப்பிடிக்கும். உள்ளே சூட்டை அறிகிற ஒரு சின்னத் துண்டு, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பி முடிகிற இடத்தில் எங்கள் பலகை. சூடு கூடினால் மணி அடிக்கும். இது என் யோசனை. கலைச்செல்வி, நான் கூப்பிடுவது கலா என்று, இன்னொன்று கேட்டாள்.

"கம்பி அறுந்து போச்சுன்னா மாமா? பலகைக்கு உள்ளே குளிரா இருக்குன்னுதானே தோணும். மணி அடிக்காதே."

எனக்கு அது தோன்றவே இல்லை. அவளே மூன்று வாரம் உட்கார்ந்து, கம்பி அறுந்தாலும் மணி அடிக்கிற மாதிரி ஒரு பகுதியை வரைந்தாள். அந்தப் பகுதியை மணியோடு சேர்த்தது ஒரே ஒரு டயோடு, கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற சின்னச் சாமான். மென்பொருள் சாமான்களுக்குத் தானாக நம்பர் போடும். அதற்கு விழுந்த நம்பர் நாலு.

பலகை செய்தது என் கை. ஹட்டனில் லேசர் பிரிண்ட் எடுத்து, மினுமினுப்பான தாளில் வந்த படத்தைச் செப்புத் தகட்டில் கவிழ்த்து, துரையின் பங்களாவில் இரவல் வாங்கிய அயர்ன் பெட்டியால் தேய்ப்பேன். அழுத்தம் கூடினால் கோடு அகலும், குறைந்தால் ஒட்டாது. பிறகு தகட்டை மருந்துத் தண்ணீரில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால் வேண்டாத செப்பு கரையும். ஒன்பதாவது பலகைதான் சரியாக வந்தது. மூலைப் பெட்டியில் கலா அடித்தாள்: வரைந்தவர் வே. கலைச்செல்வி, அமைத்தவர் பெ. ராமையா. பிரதியை சேருக்கு ஒரு பிளாப்பியில் கொடுத்தோம்.

மணி ஒரு பருவம் நன்றாக வேலை செய்தது. கொழும்பிலிருந்து கம்பனிப் பெரியவர்கள் பார்க்க வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முதல் நாள், பெட்டியிலிருந்த கலாவின் பெயரை எடுத்தேன். வரைந்தவரும் அமைத்தவரும் ராமையா என்று ஆயிற்று. கொழுந்து எடுக்கிற பெண் வரைந்ததென்றால் மதிக்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். வந்தவர்களில் ஓர் இன்ஜினியர் என் தோளில் தட்டி, "உங்களுக்கு நல்ல மென்பொருளாகவே ஒரு காப்பி தாரேன், யாருக்கும் தெரியாது," என்றார். "திருட்டுச் சாமான் நான் தொடுறதில்லைங்க ஐயா," என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கை தட்டினார்கள். கலா கதவருகில் நின்றாள்.

அடுத்த நாள் கேட்டாள். "பெட்டியில என் பேரக் காணோமே மாமா."

"இடம் பத்தல புள்ள."

திரையைப் பார்த்தாள். அந்தப் பெட்டியில் இன்னும் நாலு பெயர் எழுத இடம் இருந்தது. 

பிறகு மழைக்காலம் வந்தது. மணி காரணமில்லாமல் அடிக்கத் தொடங்கியது. தொழிற்சாலையை நடத்துகிற டீமேக்கரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சிங்களவர், தோட்டத்திலேயே வளர்ந்தவர், எங்களை மாதிரியே தமிழ் பேசுவார். உலர்த்தி வாயில் விழுகிற தூளில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, வாயால் ஆவி ஊதி, கண்ணை மூடிக்கொண்டு முகருவார். கண்ணைத் திறக்கும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது. எந்தக் கட்டளையையும் நேராகச் சொல்லமாட்டார், கேள்வியாகத்தான் கேட்பார்.

"ராமையா, மழைக்கும் உன் மணிக்கும் என்ன கல்யாணமா?"

உலர்த்தியில் நின்ற முனியாண்டி, "இல்லைங்க ஐயா, அழுவுது. கரண்டு அண்ணன் அடிச்சிருப்பாரு," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

மறுநாளும் மணி அடித்தது. டீமேக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இதைச் சரி பண்ணப் போறியா, நான் கழட்டிக் குப்பையில போடவா?" என்றார்.

கலா அப்போது நாலு நாளாக மலையில் இருந்தாள். அவளிடம் முன்பே கேட்டிருந்தேன். "மணி பொய் சொல்லல மாமா. கம்பி சேர்ற இடம் நனைஞ்சு களிம்பு பிடிச்சு விட்டு விட்டுப் போகுது. அதத்தான் சொல்லுது. கம்பிய குழாய்க்குள்ள போட்டு மேல மெழுகு வைங்க." சரியான வைத்தியம் அதுதான். ஆனால் கம்பி போட்டவன் நான். குழாய் வேண்டுமென்று டீமேக்கரிடம் கேட்டால், முதலிலேயே ஏன் போடவில்லை என்று வரும். நான் நாலாம் நம்பர் டயோடை எடுத்தேன். ஈயம் பற்றவைக்கிற கோலால் இரண்டு நிமிஷம். படமும் பலகையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சேர் சொன்ன ஒழுங்கல்லவா, அதையும் மீறவில்லை. படத்திலும் டயோடை அழித்தேன். திருத்தம் மூன்று என்று போட்டேன். யார் திருத்தினார் என்பதை மட்டும் எழுதவில்லை. மணி அமைதியானது. டீமேக்கர் என் முதுகில் தட்டினார். நான் முனியாண்டியிடம், "இனி சூடு காட்டுற முள்ளைப் பார்த்துக்கிட்டு நிக்காத. சூடு கூடுனா மணி சொல்லும். நீ உன் வேலையப் பாரு," என்றேன்.

பத்து, பன்னிரண்டு நாள் போயிருக்கும். காலை பத்து மணி. விறகு அன்றைக்கு நல்ல காய்ந்த விறகு. எலி கடித்துக் கம்பி அறுந்து கிடந்தது, யாருக்கும் தெரியாது. பலகை உள்ளே குளிர் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தது. தட்டுகளில் தூள் பிடித்து எரிந்தது. முனியாண்டி தீ காற்றாடிக்கு ஏறாமல் இருக்க எரிகிற தூளை இரண்டு கையாலும் வாரி வெளியே தள்ளினான். நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். அவன் கைகளைத் தண்ணீர் வாளியில் விட்டபடி என்னைப் பார்த்து, "மணி அடிக்கலையே அண்ணே," என்றான். அவனுக்குக் கோபம்கூட இல்லை.

பிற்பகல் துரை விசாரணைக்கு வருகிறார், படத்தோடு வரச் சொன்னார் என்று ஆள் வந்தது. கையில் அரைமணி நேரம். அந்த அரைமணியில் நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். படத்தைத் திறந்தேன். மூலைப் பெட்டியில் 'வரைந்தவர்' என்ற இடத்திலிருந்து என் பெயரை அழித்து, வே. கலைச்செல்வி என்று அடித்தேன். ஆங்கிலத்தில் என் பெயரைத் தவிர பிழையில்லாமல் அடிக்க எனக்குத் தெரிந்த ஒரே பெயர் அவளுடையதுதான். டயோடு இருந்த பழைய பைல்கள் இரண்டையும் அழித்தேன். புதிதாகப் பிரிண்ட் எடுத்தேன். எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தேன். வழியில் ஒரு தடவையும் நிற்கவில்லை.

துரை படத்தை மேசையில் விரித்தார். "இது யார் வரைஞ்சது?"

"இந்தப் புள்ளதாங்க. நான் படத்துல இருந்தபடி செஞ்சேன்."

கலாவைக் கூடை இறக்காமலே மலையிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். நெற்றியில் கயிறு பட்ட தடம். படத்தின் மேல் குனிந்தாள். முதலில் அவள் விரல் போன இடம், அந்த டயோடு இருந்திருக்க வேண்டிய இடம்.

"என் படத்துல இதுல ஒரு டயோடு இருந்துச்சுங்க துரை. கம்பி அறுந்தா மணி அடிக்கிறதுக்கு."

துரை என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "இருந்தா படத்துல இருக்கணுமே."

அவள் என் பக்கம் திரும்பினாள். "பழைய பைல் இருக்கும் மாமா. எடுத்துக் காட்டுங்க."

"அப்படி ஒண்ணு இல்லையே புள்ள."

இவ்வளவுதான் விசாரணை. எழுத்தில் நாலு வரி. தொழிற்சாலையில் நிரந்தரமாக உதவி டெக்னீஷியனாகப் போடுவதாக அவளுக்குத் துரை வாக்குக் கொடுத்திருந்தார், அது இல்லாமல் போனது. அது கிடைத்திருந்தால், எங்கள் தோட்டத்தில் எல்லா நாளும் கொழுந்துக் கூடை இல்லாமல் ஒரு பெண் பெரட்டுக்கு வந்திருப்பாள். மறுநாள் கணக்கப்பிள்ளை கூப்பிட்டபோது மலைவேலைப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. முனியாண்டி வீட்டார் அவள் வீட்டோடு பேச்சை விட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து சிவநாதன் சேர் வேலைக்கூடத்துக்கே வந்தார். வகுப்புக்குக் காட்ட என்று அவர் கேட்டதால், கடைசித் திருத்தத்தின் பிரதியை நானே அனுப்பியிருந்தேன். ஒழுங்கை மீறாத ஆளல்லவா. அவர் அதை எழுத்துப் பக்கத்தில் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"டயோடு ஒண்டு, ரெண்டு, மூண்டு, பிறகு அஞ்சு. நாலு எங்க ராமையா?"

மென்பொருள் நம்பர் போடும். ஒன்றை அழித்தால் மற்றதை நகர்த்தாது, அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். எனக்கு அது தெரியாமல் இல்லை. நினைவுக்கு வரவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து நாங்கள் கொடுத்த முதல் பிளாப்பியை எடுத்து மேசையில் வைத்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"சேர், எனக்கு அஞ்சாம் வகுப்பு. இந்தத் தோட்டத்துல எனக்கு இருக்கிறது இந்தப் பேரு மட்டுந்தான்."

"அந்தப் பிள்ளைக்கு இப்ப அதுவும் இல்லையே."

அவர் பிளாப்பியை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "நான் போய்ச் சொன்னா அது காட்டிக் குடுக்கிறது. நீங்கள் சொன்னாத்தான் அது திருத்தம். நீங்கள் சொல்லுவியள் எண்டு நம்பிறன்," என்றார். யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்த காலம் அது. அவர் கேட்டிருந்த மாற்றம் கிடைத்து, அடுத்த மாதம் ஊருக்குப் போய்விட்டார். பிளாப்பி என்னிடமே இருந்தது.

நான் சொல்லவில்லை. அதன் பிறகும் அதே மென்பொருளில்தான் வேலை செய்தேன். கம்பனி விலைக்கு வாங்கித் தந்ததைக்கூட வேண்டாம் என்றேன். விசுவாசமான ஆள் என்று பெயர் வாங்கினேன். பிளாப்பியில் பூஞ்சணம் வருவதற்கு முன் அந்தப் பைலை வேறு இடத்துக்கு மாற்றினேன், கம்ப்யூட்டர் மாறும்போதெல்லாம் அதையும் மாற்றினேன். அழிக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. தராசு திருத்த மலைக்குப் போகும்போது, கொழுந்து நிறுக்கிற வரிசையில் கலா நிற்பாள். "சௌக்கியமா மாமா?" என்பாள். நான் தராசுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். ஏழு வருஷம் இப்படி.

பயிற்சி நிலையத்துப் பிள்ளைகள் வந்துபோன மறுநாள் கலா குடியிருக்கிற லயத்துக் காம்பராவுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி, இணையத்தில் உன் பெயரைப் போடச் சொல்கிறேன் என்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"டயோடை எடுத்தது நீங்கதான்னு அன்னிக்கே தெரியும். பேரு போடுறதுன்னா போடுங்க. முனியாண்டி அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

இல்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கும் பெயரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

முனியாண்டிக்கு இப்போதும் விரல்கள் முழுசாக மடங்காது. லயத்து வாசலில் உட்கார்ந்து வெற்றிலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மடித்துக்கொண்டிருந்தான். நின்றுகொண்டே சொன்னேன். கேட்டு முடித்தான். என்னை ஏசுவான் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் நல்லது.

"நான் அந்தப் புள்ளைய ஏசுன ஏச்செல்லாம் இருக்கே அண்ணே," என்றான். "அத யாரு திருப்பி எடுக்கிறது?"

அன்று சாயங்காலம் அவனும் அவன் மனைவியும் கலா வீட்டுப் பக்கம் நடந்ததைப் பார்த்தேன். நான் கூடப் போகவில்லை. எனக்கு அங்கே வேலையில்லை.

பயிற்சி நிலையத்துப் பிள்ளைகளுக்கு: இத்துடன் முதல் பைலைத் தருகிறேன், டயோடு நாலு உள்ளது. அதைத்தான் போடவேண்டும். மூலைப் பெட்டியில் வரைந்தவர் என்ற இடத்தில் வே. கலைச்செல்வி, அது மட்டும். அமைத்தவர் என்று என் பெயர் வேண்டாம், பலகை தேய்க்க யாருக்கும் கை இருக்கிறது. அதோடு மூன்றாம் திருத்தத்தையும் பக்கத்தில் போடுங்கள். நீங்கள் மரியாதைக்காக அதை விட்டுவிடுவீர்கள் என்று தெரியும், விடக்கூடாது. திருத்தியவர் என்ற இடம் இவ்வளவு காலமும் வெறுமையாக இருக்கிறது. அதில் எழுதுங்கள்: நாலாம் நம்பர் டயோடை எடுத்தவர், பெ. ராமையா. அதற்குக் கீழே: அதனால் வெந்தவை, முனியாண்டியின் இரண்டு கைகள். இந்த வேலையில் வேறு யாருக்கும் பங்கில்லை. என் பங்கு அது, அதை முழுசாக என் பெயரிலேயே போட வேண்டும்.